கருவியா? கையா? – பேஸ் கித்தார்களின் ஒலி பற்றி ஓர் ஒப்பாய்வு

ஒலியின் நிலையை மெலிவு, சமம், வலிவு என மூன்றாகப் பகுத்தனர் பழந்தமிழ் இசைவாணர். இம்மூன்றனுள் வலிவில் எழும் குரலே கேட்போர் நெஞ்சை முதலிற் கவர்கின்றது. சமநிலையில் அமைந்த இசை அடுத்து அறியப்படுகின்றது. மெலிவில் நடக்கும் இசையோ பெரும்பாலும் அறியப்படாமலே போகின்றது. ஆயினும் அதனை நீக்கிவிட்டால் பாட்டு நிலைகொள்ளாது தள்ளாடும். வீட்டின் கடைகாலைப் பார்த்து எவரும் வியப்பதில்லை. எனினும் கடைகால் இன்றி வீடு இல்லை.

மேலைநாட்டு மக்களிசையில் கடந்த எழுபது ஆண்டுகளாக இம்மெலிவிசையைத் தாங்கி நிற்கும் முதன்மைக் கருவி பேஸ் கித்தார். அதன் ஒலியைப் பற்றிப் பேசுவோர் இரு கட்சியினராய்ப் பிரிந்து நிற்கின்றனர். ஒரு கட்சியார், ஒலி முழுவதும் கருவியிலேயே உள்ளது, இன்ன ஆண்டில் இன்ன பட்டறையில் செய்யப்பட்டதே உயர்ந்தது என்பர். மற்றொரு கட்சியார், ஒலி முழுவதும் விரலிலேயே உள்ளது, வல்லவன் கையில் எக்கருவியும் ஒன்றே என்பர்.

இவ்வழக்கு வெறும் பொழுதுபோக்கு அன்று. முதற் கட்சியை முற்றும் ஏற்றால் கலைஞன் மறைகின்றான். விலை கொடுக்க வல்லவனே கலைஞனாகி விடுகின்றான். இரண்டாம் கட்சியை முற்றும் ஏற்றால் கருவி செய்தவனின் அறிவு மறைகின்றது. கூர்ந்து கேட்க வேண்டிய கடமையும் கேட்பவனை விட்டு நீங்குகின்றது. எனவே இவ்விரு கட்சிகளையும் சான்று கொண்டு சீர்தூக்குதல் வேண்டும். ஒரே கையில் இரு கருவிகளையும், ஒரே கருவியில் இரு கைகளையும் வைத்துக் கேட்பதே அதற்குரிய நேரிய முறை.

கருவியின் தோற்றம்

1951ஆம் ஆண்டுக்கு முன் மெலிவிசைக்கு உரிய கருவி, ஆள் உயரம் நிற்கும் பெரிய டபுள் பேஸ். அதனைச் சுமப்பது கடினம். கூட்டம் மிகுந்த அரங்கில் அதன் ஒலி மற்றக் கருவிகளின் ஒலியில் அமிழ்ந்து போகும். மெட்டுகள் இல்லாத கருவியாதலின் சுரம் வழுவாது வாசிக்க நீண்ட பயிற்சி வேண்டும். 1930களிலேயே அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் டட்மார்க் என்பவர் மெட்டுகள் உடைய மின் பேஸ் ஒன்றைச் செய்தார். ஆயினும் அது பரவவில்லை.

கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்து வந்த லியோ ஃபெண்டர் 1951இல் வெளியிட்ட பிரசிஷன் பேஸ்தான் உலகெங்கும் பரவியது. பிரசிஷன் என்றால் துல்லியம். வீணையில் உள்ளன போல் மெட்டுகள் பதிக்கப்பட்டிருந்தமையால் விரல் வைத்த இடத்தில் சுரம் துல்லியமாகப் பிறந்தது. அதனால் இப்பெயர் பெற்றது. தந்தி நான்கு, மெட்டுகள் இருபது, அதிரும் தந்தியின் நீளம் 34 அங்குலம். டபுள் பேஸின் தந்தி நீளமோ 40 அங்குலத்திற்கும் மேற்பட்டது. ஃபெண்டர் தேர்ந்த அந்த 34 அங்குலமே இன்றளவும் பேஸ் கித்தாரின் பொது அளவாக நிலைத்துவிட்டது.

ஒலி பிறக்கும் இடம்

மரக்குடம் அதிர்ந்து காற்றை அசைக்க ஒலி பிறப்பது வீணையின் இயல்பு. பழைய யாழும் அவ்வாறே. அதனால்தான் யாழ் நரம்பின் குற்றங்களைக் கூற வந்த உரைகாரர், அவை மரத்தின் குறையாலும் பிறக்கும் என்றனர். நீரில் நின்ற மரமும் அழுகிய மரமும் இடி வீழ்ந்த மரமும் யாழுக்கு ஆகா என விலக்கினர்.

மின் பேஸில் நிலை வேறு. பெரும்பாலானவற்றின் உடல் உட்குழிவு இல்லாத திண்ணிய மரப்பலகை. தந்திகளின் கீழே காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்டிருக்கும். அதனைப் பிக்கப் என வழங்குவர். உருக்குத் தந்தி காந்தத்தின் மேல் அதிரும்போது கம்பிச் சுருளில் மின்னோட்டம் எழுகின்றது. அதனை ஒலிபெருக்கி ஒலியாக்குகின்றது.

இங்குக் கருதத்தக்கது சுருள் அமைந்த இடம். மீட்டிய தந்தி முழு நீளத்தால் அதிர்வதோடு, இரண்டு, மூன்று, நான்கு எனச் சமகூறுகளாகவும் அதிர்கின்றது. முழு நீள அதிர்வு அடிச்சுரம். கூறுகளின் அதிர்வு அதன்மேல் எழும் மேற்சுரங்கள். குதிரைக்கு மிக அருகில் அடிச்சுரத்தின் வீச்சுக் குறைவு. ஆகவே அங்கு வைத்த சுருள் மேற்சுரங்களையே மிகுதியாகப் பற்றும். கழுத்தை நோக்கி நகர்த்தினால் அடிச்சுரத்தின் பங்கு ஓங்கும். ஒரே தந்தி, ஒரே விரல். ஆயினும் சுருளைச் சில அங்குலம் நகர்த்தினால் குரல் மாறிவிடுகின்றது. திண்ணுடல் கருவியில் மரத்தின் பங்கு எவ்வளவு என்பது பற்றி வழக்கு இன்னும் ஓயவில்லை. சுருளின் இடம் பற்றி வழக்கே இல்லை. பழகாத செவியும் அதனை அறியும்.

செவியின் இயல்பு ஒன்றும் அறியத்தக்கது. பேஸ் கித்தாரின் மிகத் தடித்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்வது. மற்றவை 55, 73, 98 முறை. சிறு வானொலிப் பெட்டியின் ஒலிவாய் நொடிக்கு 41 அதிர்வை வெளியிட வல்லதன்று. எனினும் அப்பெட்டியில் கேட்போரும் அச்சுரத்தை உணர்கின்றனர். 82, 123, 164 எனத் தொடரும் மேற்சுரங்களைக் கேட்ட செவி, அவற்றின் அடிச்சுரத்தைத் தானே ஊகித்து நிரப்பிக்கொள்கின்றது. விரைந்து பேசுவோர் விழுங்கிய எழுத்தைக் கேட்போர் தாமே நிரப்பிக்கொள்வது போன்றது இது. ஆகவே, ஆழ்ந்த ஒலியே நல்ல பேஸ் என எண்ணுவது பிழை. மேற்சுரங்கள் அளவோடு அமைந்த பேஸே எல்லா இடத்தும் கேட்கும்.

அளவுகோல் நான்கு

கருவிகளை ஒப்பிடுவோர், சூடான ஒலி, கொழுத்த ஒலி என்று எழுதுகின்றனர். இவை விற்பனை விளம்பரத்திலிருந்து வந்த சொற்கள்; எதனைக் கேட்க வேண்டும் என்பதை இவை காட்டா. திறனாய்வுக்கு வரையறை உடைய சொற்கள் வேண்டும். நான்கு போதும். தந்தியைத் தொட்டதும் எழும் முதல் ஒலியின் கூர்மை தாக்கு. எழுந்த ஒலி எவ்வளவு நேரம் நிற்கின்றது என்பது நீட்சி. அடுத்தடுத்த சுரங்கள் ஒன்றோடொன்று கலங்காது கேட்பது தெளிவு. முழவோடும் பாட்டோடும் பொருந்தி நிற்பது இயைபு.

குற்றங்களைக் கூறவும் சொற்கள் உள. யாழ் நரம்பு பற்றிப் பேசிய முன்னோர், மழுங்கி ஒலிப்பதைக் கூடம் என்றனர். சிதறி ஒலிப்பதை அதிர்வு என்றனர். அளவு கடந்து ஒலிப்பதை ஆர்ப்பு என்றனர். பண்ணோடு பொருந்தாத இன்பமற்ற ஓசையைச் செம்பகை என்றனர். இந்நான்கும் மின் பேஸின் குறைகளைச் சுட்டவும் தகுதியான சொற்களே.

ஒரே பட்டறை, இரு கருவிகள்

1957இல் பிரசிஷன் பேஸின் சுருள் இரண்டாகப் பிளக்கப்பட்டது. தடித்த இரு தந்திகளுக்கு உரிய பாதி கழுத்துப் பக்கமாகவும், மெல்லிய இரு தந்திகளுக்கு உரிய பாதி குதிரைப் பக்கமாகவும் வைக்கப்பட்டன. இரு பாதிகளும் ஒன்றற்கொன்று எதிராகச் சுற்றப்பட்டமையால் மின் இரைச்சல் நீங்கியது. இவ்வமைப்பில் ஒலியைத் தேர்ந்துகொள்ள வழி குறைவு: ஒலியளவுக்கு ஒரு குமிழ், மேற்சுரங்களைக் குறைக்க ஒரு குமிழ், அவ்வளவே. அதன் குரல் ஒன்றே. ஆனால் அந்த ஒரு குரல் நடு ஒலியில் திண்மை உடையது; எத்தனை கருவிகள் சூழ்ந்தாலும் கரையாதது. இயைபில் பிரசிஷனை விஞ்சிய பேஸ் இல்லை எனின் மிகையாகாது.

அதே பட்டறை 1960இல் ஜாஸ் பேஸை வெளியிட்டது. தந்தி நீளம் அதே 34 அங்குலம். ஆனால் சுருள்கள் இரண்டு. ஒன்று குதிரைக்கு அணித்தாய் அமைந்தது. பிரசிஷனின் கழுத்து மேல்முனையில் 1.75 அங்குல அகலம். ஜாஸின் கழுத்தோ ஏறத்தாழ 1.5 அங்குலமே. கால் அங்குலம் தானே எனத் தள்ளிவிடுதல் ஆகாது. பிரசிஷனைப் பற்றும் இடக்கை ஒரு மரக்கிளையைப் பற்றுவது போல் விரிந்து நிற்கும். அதனால் கை நிதானமாக நகர்ந்து, தேர்ந்த சில சுரங்களில் ஊன்றி நிற்க விரும்பும். ஜாஸின் ஒடுங்கிய கழுத்தில் விரல்கள் தந்திக்குத் தந்தி எளிதில் தாவும். அதனால் ஓடவும் பேசவும் விரும்பும். கழுத்தின் வடிவமே வாசிப்பவனிடம் ஒரு பழக்கத்தைத் தூண்டுகின்றது.

ஒலியிலும் இவ்வேறுபாடு உண்டு. ஜாஸின் குதிரைப் பக்கச் சுருளை மட்டும் திறந்தால் மூக்கொலி கலந்த கூரிய பேச்சுப் போன்ற குரல் எழும், தெளிவு மிகும். இரண்டையும் ஒருங்கே திறந்தால் நடு ஒலிகள் சில ஒன்றையொன்று நீக்கிக்கொள்ள, ஒலி பளபளப்பும் ஆழமும் பெற்று நடுவில் மெலியும். தனியே கேட்கும்போது அது பிரசிஷனைவிட அழகாக இருக்கும். பெருங்குழுவின் நடுவே சிறிது பின்வாங்கும். கடையில் தனியே மீட்டிப் பார்த்துக் கருவி தேர்வோர் பலர் இதனால்தான் ஏமாறுகின்றனர். தனி அழகு வேறு. சபை அழகு வேறு.

ஒரே கை, இரு கருவிகள்

கருவி ஒன்றுமில்லை, கையே எல்லாம் என்பாருக்குத் தக்க மறுமொழி பால் மெக்கார்ட்னியின் வாசிப்பு. இடக்கையரான அவர் 1961இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஹாஃப்னர் 500/1 என்னும் பேஸை வாங்கினார். பிடில் வடிவான அக்கருவி இருபுறமும் ஒத்த அமைப்பினது. ஆதலின் இடக்கைக்குத் திருப்பிப் பிடித்தாலும் கோணலாகத் தோன்றாது. அதன் உடல் உட்குழிவானது. எடை மிகக் குறைவு. தந்தி நீளம் 30 அங்குலமே.

இந்த நான்கு அங்குலக் குறைவின் பயனைக் கணக்கிட்டுக் காணலாம். 34 அங்குலக் கருவியில் முதல் நான்கு மெட்டுகளைத் தழுவ விரல்கள் ஏறத்தாழ 7 அங்குலம் விரிய வேண்டும். 30 அங்குலக் கருவியில் 6.2 அங்குலம் போதும். ஒரே தடிப்புள்ள தந்தியை ஒரே சுரத்திற்குக் கூட்டும்போது, தந்தியின் இழுவிசை நீளத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப மாறும். ஆகவே குறுங்கருவியில் இழுவிசை ஏறத்தாழ 22 விழுக்காடு குறைந்துவிடும். தந்தி மெத்தென்று விரலுக்கு இணங்கும். அதற்கு ஈடாக நீட்சி குறையும். ஹாஃப்னரின் ஒலி திரட்சியாய் எழுந்து விரைவில் அடங்கும். டபுள் பேஸின் ஒலிக்கு நெருங்கிய உறவு. 1965 வரையிலான பீட்டில்ஸ் இசைத்தட்டுகளில் கேட்கும் துள்ளலுக்கு இவ்வடக்கமே காரணம். ஒரு சுரம் அடங்கிய இடைவெளியில் முழவு ஒலிக்க இடம் கிடைத்தது.

1965இல் அவர் கைக்கு ரிக்கன்பேக்கர் 4001எஸ் வந்தது. மேப்பிள் மரத்தால் ஆன திண்ணுடல். கழுத்தும் உடலின் நடுப்பகுதியும் தொடர்ந்த ஒரே அமைப்பு. தந்தி நீளம் 33.25 அங்குலம். நீட்சியும் தெளிவும் மிகுந்த கருவி. அதன்பின் வந்த 1966, 1967ஆம் ஆண்டுத் தொகுதிகளில் அவருடைய பேஸ், பாட்டின் அடியில் நடக்கும் ஏவலாளாக இல்லை. பாட்டுக்கு எதிர்நின்று இன்னொரு பாட்டுப் பாடுகின்றது. மேல் மெட்டுகளில் வாசித்த சுரங்களும் மெலியாமல் நின்று ஒலிக்கும் கருவி கிடைத்தமையால், அவ்வாறு நினைக்கும் துணிவும் வந்தது.

இதற்கு ஒரு தடை கூறலாம். அக்காலத்தில் ஒலிப்பதிவு முறையும் மாறியது. 1966இல் ஒலிபெருக்கியின் ஒலிவாயையே ஒலிவாங்கியாகத் திருப்பி வைத்துப் பேஸைப் பதிவு செய்து பார்த்தனர். 1967இல் மற்றக் கருவிகள் எல்லாம் பதிவான பிறகு, பேஸை இறுதியில் தனியே சேர்க்கும் வழக்கமும் வந்தது. எனவே மாற்றம் முழுவதையும் கருவிக்கே உரிமையாக்குதல் பொருந்தாது. தடை ஏற்கத்தக்கதே. எனினும் ஒன்று நிற்கின்றது: விரைவில் அடங்கிவிடும் குரலைக் கொண்டு நீண்ட இசைத்தொடர் எண்ணுவது அரிது. கருவி கலைஞனுக்குக் கற்பனையைக் கொடுப்பதில்லை; கற்பனை செல்லும் வழியைத் திறக்கின்றது அல்லது அடைக்கின்றது. 1969 சனவரி 30இல் இலண்டன் கட்டடம் ஒன்றின் மாடியில் பீட்டில்ஸ் குழுவினர் வாசித்தபோது அவர் மீண்டும் ஹாஃப்னரையே ஏந்தினார் என்பதும் கருதத்தக்கது. ஒரு வழி திறந்ததனால் பழைய வழி பயனற்றுப் போகவில்லை. 1961இல் வாங்கிய அந்த முதல் ஹாஃப்னர் 1972இல் களவு போய், பின்னர் அவரிடம் திரும்பி வந்தது 2024இல் உலகச் செய்தி ஆயிற்று.

ஒரே கருவி, இரு கைகள்

இனி, கருவியே எல்லாம் என்பாருக்கு மறுமொழி. ஜேம்ஸ் ஜேமர்சனும் கேரல் கேயும் 1960களில் பதிவுக்கூடங்களில் பணியாற்றியோர். முன்னவர் டெட்ராய்ட் நகரில் மோடவுன் நிறுவனத்தில், பின்னவர் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில். இருவரும் வாசித்தது பிரசிஷன் பேஸ். இருவரும் பூட்டியவை மேற்பரப்பு வழவழப்பான தட்டைச் சுற்றுத் தந்திகள். இருவரும் தந்தியின் நீட்சியைப் பஞ்சு போன்ற பொருள் கொண்டு அடக்கினர். இவ்வளவு ஒத்திருந்தும் இருவர் ஒலியும் ஒன்றன்று.

ஜேமர்சன் டபுள் பேஸ் பயின்று வந்தவர். அக்கருவியின் பழக்கப்படி வலக்கையின் சுட்டுவிரல் ஒன்றினாலேயே மீட்டுவார். அவ்விரலை நண்பர்கள் கொக்கி என அழைத்தனர். தந்திகள் கழுத்திலிருந்து உயர்ந்து நின்றன. அவற்றை அழுத்துவது மற்றவர்க்கு வருத்தம். அவர் அவற்றை எளிதில் மாற்றவும் இல்லை. பழைய தந்தியின் மங்கிய ஒலியே அவருக்கு வேண்டியிருந்தது. சதையால் மீட்டப்பட்ட அவ்வொலியில் தாக்கு மென்மையானது. சுரம் உருண்டு எழும். கை கனமானது, நடையோ நடனமாடுவது. தாளத்தின் எதிர்பாராத இடத்தில் சுரத்தை ஊன்றி, அடுத்த அடிக்குள் தவறாது வந்து சேர்வார்.

கேரல் கே கித்தார் வாசித்து வந்தவர். 1963இல் பதிவு ஒன்றுக்குப் பேஸ் வாசிப்பவர் வராமற் போகவே, அவ்விடத்தை நிரப்பப் பேஸை ஏந்தினார். கித்தார்க்காரர் பழக்கப்படி மீட்டும் வில்லையால் வாசித்தார். வில்லை தந்தியைத் தட்டும்போது தாக்கு கூர்மையாய் எழும். அடக்கிய தந்தியில் அது மரத்தைத் தட்டினாற் போன்ற தெளிவான சொட்டாகக் கேட்கும். சிறு வானொலியிலும் ஒவ்வொரு சுரமும் எண்ணி எடுக்கத்தக்கதாய் இருந்தது.

கருவி ஒன்று, தந்தி ஒன்று, அடக்கிய முறையும் ஏறத்தாழ ஒன்று. வேறுபட்டது கை. அந்தக் கையும் வானத்திலிருந்து விழுந்ததன்று. ஒன்று டபுள் பேஸ் வளர்த்த கை, மற்றொன்று கித்தார் வளர்த்த கை. ஆகவே கை என்று சொல்லப்படுவதும் முன்னர்ப் பயின்ற கருவி விட்டுச் சென்ற பழக்கமே. கருவியா கையா என்னும் வினாவில் இரண்டும் எதிர்ப்பக்கம் நிற்பதாகக் கொண்டதே முதற் பிழை என்பது இங்கே புலனாகின்றது.

மெட்டு நீங்கிய கருவி

இவ்வுண்மைக்கு மற்றுமொரு சான்று ஜேக்கோ பாஸ்டோரியஸ். அவர் ஏந்திய கருவி 1962ஆம் ஆண்டு ஜாஸ் பேஸ். ஜேமர்சன் ஏந்திய பிரசிஷனும் அதே 1962ஆம் ஆண்டினதே. ஆயினும் பாஸ்டோரியஸின் கருவியில் மெட்டுகள் இல்லை. அவை பிடுங்கப்பட்டு, பிளவுகள் நிரப்பப்பட்டு, கழுத்தின்மேல் படகுக்குப் பூசும் கடினமான எப்பாக்சிப் பூச்சு ஏற்றப்பட்டிருந்தது. தந்திகளோ சொரசொரப்பான உருண்டைச் சுற்றுத் தந்திகள். குதிரைப் பக்கச் சுருளையே அவர் பெரிதும் பயன்படுத்தினார்.

வீணைக்கும் கோட்டுவாத்தியத்திற்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தோர் இதனை எளிதில் உணர்வர். வீணைக்கு மெட்டு உண்டு, கோட்டுவாத்தியத்திற்கு இல்லை, வழுக்கிச் செல்லும் இசை பின்னதற்கு இயல்பாய் வரும். மெட்டு நீங்கிய பேஸில் சுரம் முளைத்து, மலர்ந்து, வாய்ப்பாட்டுப் போல வளைகின்றது. பிரசிஷன் என்ற பெயரே மெட்டு தந்த துல்லியத்தால் வந்தது. அந்தத் துல்லியத்தைத் தானே விலக்கிவிட்டு, மெட்டு செய்த வேலையைச் செவியின் மேலும் விரலின் மேலும் ஏற்றுக்கொண்டார் பாஸ்டோரியஸ். 1976இல் வெளிவந்த அவருடைய முதல் தொகுதியைக் கேட்போர், பேஸ் என்னும் கருவி அதுவரை பேசாத மொழி ஒன்றைக் கேட்கின்றனர். கருவி கையை வளர்ப்பது போலவே, கையும் கருவியைத் திருத்திப் படைக்கும் என்பதற்கு இது சான்று.

குறைகள் சில

புகழ்ச்சி மட்டும் திறனாய்வு ஆகாது. கிப்சன் நிறுவனம் 1959இல் வெளியிட்ட இ.பி.-0 பேஸில் ஒரே பெரிய சுருள் கழுத்தை ஒட்டி அமைந்தது; தந்தி நீளமும் 30.5 அங்குலமே. அடிச்சுரம் பெருகி மேற்சுரம் குன்றியது. முன்னோர் கூறிய கூடம் என்னும் குற்றத்திற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. மெல்லிய நடையில் அது பஞ்சணை போல் இனிது. விரைந்த நடையில் சுரங்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடும்.

எதிர்ப்பக்கத்தில் நிற்பது மியூசிக் மேன் நிறுவனம் 1976இல் வெளியிட்ட ஸ்டிங்ரே. ஃபெண்டர் தம் பழைய நிறுவனத்தை விற்ற பின் பங்குகொண்ட முயற்சி அது. கருவிக்குள்ளேயே மின்கலத்தால் இயங்கும் ஒலிமிகைப்பி ஒன்று வைக்கப்பட்டது. வாசிப்பவர் மேல் ஒலியைக் குறைக்க மட்டுமன்றிக் கூட்டவும் முடிந்தது. கட்டைவிரலால் தந்தியை அடித்து வாசிக்கும் முறை 1960களின் இறுதியில் லாரி கிரகாம் வழியாகப் பரவியிருந்தது. முழவு வாசிப்பவர் இல்லாத சிறு குழுவில், முழவின் வேலையையும் பேஸே செய்யும்படி அவர் கண்ட முறை அது. அதற்கு ஸ்டிங்ரே மிகப் பொருந்தியது. தாக்கில் அதனை வெல்வது அரிது. ஆனால் அளவறிந்து திருகாத கையில் அதுவே ஆர்ப்பாகி, பாடுவோர் குரலை மறைத்துவிடும். கூட்ட முடியும் என்பதனாலேயே கூட்ட வேண்டும் என்பதில்லை.

தமிழ்ச் செவியில்

இக்கருவி தமிழருக்குப் புதிதன்று; பெயர்தான் பலருக்குப் புதிது. 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவினரும் சிங்கப்பூரில் இசை நிகழ்த்திய பின்னர், சிங்கப்பூரிலும் மலாயாவிலும் இளைஞர் கித்தார்க் குழுக்கள் பெருகின. ஒவ்வொரு குழுவிலும் பேஸ் வாசிக்க ஒருவர் இருந்தார். தமிழ்த் திரையிசையிலோ, 1976இல் அன்னக்கிளி வாயிலாக அறிமுகமான இளையராஜா, பேஸ் கித்தாருக்குத் தனி நடை வகுத்துக் கொடுத்தார். அவருடைய பாடல்கள் பலவற்றில் பேஸ் அடிச்சுரத்தை மட்டும் தொட்டுச் செல்வதில்லை. பாட்டுக்கு இணையாகத் தனக்கென ஒரு மெட்டமைத்து நடக்கின்றது. அப்பாடல்களை ஆயிரம் முறை கேட்டோர் பலர் அந்நடையை ஒருமுறையேனும் தனியே பின்தொடர்ந்து கேட்டதில்லை. பாடலை மும்முறை கேட்க வேண்டும்: முதன்முறை பாட்டை, இரண்டாம் முறை முழவை, மூன்றாம் முறை பேஸை மட்டும். மூன்றாம் முறையில் அது வேறொரு பாட்டாகத் தோன்றும்.

முடிவு

இதுவரை கண்ட சான்றுகளால் பெறப்படுவன மூன்று. மெக்கார்ட்னியின் வாசிப்பு, கருவி மாறினால் ஒரே கலைஞனின் எண்ணமும் மாறும் எனக் காட்டுகின்றது. ஜேமர்சனும் கேரல் கேயும், கை மாறினால் ஒரே கருவியின் குரலும் மாறும் எனக் காட்டுகின்றனர். பாஸ்டோரியஸோ, கருவியும் கையும் ஒன்றையொன்று ஆக்கிக்கொள்ளும் எனக் காட்டுகின்றார். எனவே எப்பேஸ் சிறந்தது என்னும் வினா முழுமையற்றது. எந்தக் கைக்கு, எந்தப் பாட்டுக்கு, எத்தனை கருவிகளின் நடுவே என்று சேர்த்துக் கேட்டால்தான் விடை கிடைக்கும். அவ்வாறு கேட்குமிடத்து, தாங்கி நிற்கப் பிரசிஷனும், எடுத்துப் பேச ஜாஸும், துள்ளி அடங்க ஹாஃப்னரும், எதிர்நின்று பாட ரிக்கன்பேக்கரும் ஏற்றவை எனலாம்.

தீர்ப்பில் இன்னும் ஒரு பகுதி உண்டு. 1960களில் உலகமெல்லாம் பாடித் திரிந்த எத்தனையோ பாடல்களின் அடியில் ஜேமர்சனின் ஒற்றை விரல் நடந்தது. ஆயினும் அவ்விசைத்தட்டுகளின் உறையில் அவர் பெயர் இல்லை. 1971இல் மார்வின் கேயின் தொகுதி ஒன்றில்தான் அது அச்சேறியது. 1983இல் அவர் மறைந்தார். அதற்குச் சற்று முன்னர்க் களவு போன அவருடைய பேஸ் இன்னும் திரும்பவில்லை. 1989இல் அவரைப் பற்றிய நூல் ஒன்று வெளிவந்த பின்னரே, அதுவரை பெயர் அறியாமல் கேட்டுவந்த பலர் அவர் பெயரை அறிந்தனர்.

மெக்கார்ட்னியின் கருவி திரும்பி வந்தது உலகச் செய்தி. ஜேமர்சனின் கருவி திரும்பாதது பலரும் அறியாத செய்தி. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் கருவியும் அன்று, கையும் அன்று, செவி. மேலே ஒலித்த குரலை மட்டும் கேட்டு, கீழே தாங்கிய குரலைக் கேளாது விட்ட செவி. மெலிவில் நடப்போரைப் பெயர் சொல்லி அழைக்கக் கற்பிப்பதும் இசைக்கல்வியின் ஒரு பகுதியே. மாணவர்க்குப் பாட்டுக் கற்பிக்கும் ஆசிரியர், பாடியவர் யார் என்று கேட்டபின், அடியில் நின்றவர் யார் என்றும் ஒருமுறை கேட்பாராக.